கேட்காமல் நேர்ந்த கால்

அம்மாவின் கைகளில் எப்போதும் வெளுப்புமருந்து மணக்கும். நகராட்சிக் குழாயில் மருந்து கலந்துவிட்ட நாளில் தண்ணீர் வாடையடிக்குமே, அந்த வாடை. ராஜபாளையத்தில் ஒரு ‘பேண்டேஜ் கம்பெனி’யில் அவளுக்கு வேலை. சத்திரப்பட்டிப் பக்கத்துத் தறிகளில் நெய்து, வெளுத்து, காய்ந்து வரும் மெல்லிய துணியை வெட்டிச் சுருள்சுருளாகச் சுற்றி அடுக்க வேண்டும். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறது, யார் காயத்தைக் கட்டப்போகிறது என்பதெல்லாம் சுற்றுகிறவர்களுக்குத் தெரியாது. சோறு பிசைந்து கொடுத்தாலும், தலை பின்னிவிட்டாலும் அந்த வாடை கூடவே வரும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் மற்றப் பிள்ளைகள் அழுவார்கள், எனக்கு மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது போலிருக்கும்.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். சொந்த ஊர் சேத்தூர். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். சாமி இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, இருக்கிறது என்று சொல்லியும் கேட்டதில்லை. குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குப் போனால், வாசல் வரைக்கும் வந்து, “நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பாத்துக்கிடுதேன்” என்று நிழலாகப் பார்த்து நின்றுகொள்வார். நாங்கள் கும்பிட்டுத் திரும்பும்போது எங்கள் செருப்புகள் அணிவகுப்பு மாதிரி நேராக அடுக்கியிருக்கும். பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களின் செருப்புகளும் அதே ஒழுங்கில் இருக்கும், அவர் கையில் பால்கோவாப் பொட்டலம் இருக்கும். ஆரம்பத்தில் அம்மாவுக்கு இது பெரிய அவமானமாக இருந்ததாம். பிறகு பழகிப்போய், கோயிலுக்குப் போய்ச் செருப்புத் தொலைக்காத குடும்பம் நம்ம குடும்பம்தான் என்று அவளே சொல்லிச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

நாங்கள் குடியிருந்தது ஒரு ராஜுக்கள் வீட்டின் பின்கட்டில். வீட்டுக்கார அம்மாளை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தெலுங்கில் ‘பெத்தம்மா’ என்பார்கள், அதனால் எங்களுக்கும் பெத்தம்மா. பெருமாளைத் தவிர வேறு சாமி பெயர் அவர் வாயில் வராது. தெருமுனையில் பாய் மாமாவின் பலசரக்குக் கடை இருந்தது. பெயருக்குத்தான் அவர் கடை, சரக்கெடுக்க அவர் மதுரைக்கும் விருதுநகருக்கும் அலைந்துகொண்டிருந்ததால் கல்லாவில் உட்கார்ந்து கடையை நடத்தியது அவர் மனைவி ஜைனப் அத்தை. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீட்டாரோடு மாமன் மச்சான் முறை வைத்துப் பேசுவது வழக்கம். அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் ‘மதினி’ என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். தெருவுக்கே தொலைபேசி அந்தக் கடையில்தான். அப்பா பட்டாளத்தில் கொடுத்திருந்த ‘பி.பி. நம்பர்’, அதாவது ஆளைக் கூப்பிட்டுப் பேசவைக்கிற அக்கம்பக்கத்து நம்பர், அதுதான்.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருஷம், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தொலைபேசி வந்தது. பேசியவர் பட்டாளத்தில் எழுத்தராக இருந்த ஒரு திருநெல்வேலிக்காரர். மலையில் காவல் இருந்த இடத்தில் பனி சரிந்துவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை, காலைத்தான் பனி கடித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னதோடு இணைப்பு அறுந்துபோனது. அம்மா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். கறிவேப்பிலை வாங்க வந்திருந்த பெத்தம்மா விஷயத்தைக் கேட்டதும், “தேவுடா, பிள்ளை நல்லபடியா வந்து சேரட்டும், அவன் தலைமுடி உனக்கு” என்று கண்ணை மூடிக் கும்பிட்டார். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிற திசையைப் பார்த்துத் திரும்பினாள். அவள் பிறந்த ஊர் வன்னியம்பட்டி. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன்தான். “ஆத்தா, அவிய ரெண்டு காலோட நடந்து வந்துட்டா, அந்தக் காலாலேயே உன் பூவை மிதிக்க வைக்கேன்” என்றாள். ஜைனப் அத்தை தொலைபேசியை வாங்கி அதன் இடத்தில் வைத்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அடுத்தவர் உடம்பை நேர்ந்துகொள்வது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. தாய் பிள்ளையின் காதை நேர்வாள், அக்கா தம்பியின் முடியை நேர்வாள், பெண்டாட்டி புருஷன் அலகு குத்துவதாக நேர்ந்துவிட்டு அவனுக்கு அப்புறம் சொல்வாள். உடம்புக்குச் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அவசரத்தில் சாமியிடம் ஓடுகிறவர்களுக்குக் கையில் கிடைப்பது அதுவாகத்தான் இருக்கிறது. ‘பூ’ என்று அம்மா சொன்னது பங்குனியில் நடக்கும் பூக்குழித் திருவிழாவை. குழியில் கிடப்பது தணல்தான் என்றாலும் அதை நெருப்பு என்று சொல்லக்கூடாது.

அப்பா மாசியில் வந்து சேர்ந்தார். ரயிலடியில் அவர் இறங்கியபோது நடையில் மட்டும் ஒரு இழுப்பு தெரிந்தது. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியபோதுதான் உள்ளே விரல் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு திணித்திருந்ததைப் பார்த்தேன். இடது காலில் விரல்களே இல்லை. வலது காலில் விரல்கள் இருந்தன, ஆனால் இரண்டு பாதத்திலும் உணர்ச்சி இல்லை. நான் ஒரு பென்சிலால் குத்திப் பார்த்தேன், அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதை அம்மாவிடம் ஒப்பித்தார்: வெறுங்காலோடு நடக்கக்கூடாது, சூடு படவே கூடாது, வெந்நீர்கூட ஊற்றக்கூடாது, பட்டால் தெரியாது, தெரியாமலே புண்ணாகிவிடும், புண்ணானால் ஆறாது, மிச்சக் காலையும் எடுக்க வேண்டி வரும். அம்மா கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தாள். புடைத்த அரிசியையே மறுபடி புடைத்தாள்.

பெத்தம்மாவின் நேர்த்திக்கடன் சுலபமாகத் தீர்ந்தது. “முடிதான, பட்டாளத்துல எடுக்காததா” என்று அப்பா சிரித்துக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துப் பெருமாள் மலைக்கோயிலுக்குப் பெத்தம்மாவோடு போய், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார். அங்கேயும் பெத்தம்மா உள்ளே போயிருந்த நேரத்தில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி.

தன்னுடைய நேர்த்திக்கடனை அம்மா சொல்லவேயில்லை. பங்குனி பிறந்து, திருவிழாவுக்குக் கொடியேறப்போகிறது என்று வன்னியம்பட்டியிலிருந்து மாமா வந்து சொல்லிவிட்டுப் போன அன்றைக்குத்தான், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“என் காலை என்னையக் கேக்காமலே நீ எழுதிக் குடுத்திட்டயே ஏட்டி.”

“நீங்க அங்க கெடக்கையில நான் யாரைப் போயிக் கேக்க?”

அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, “சொன்னா சொன்னதுதான். எறங்கிட்டுப் போறேன்” என்றார். அம்மா எதிர்பார்த்துக் காத்திருந்த பதில் அதுதான். ஆனால் அது வந்ததும் அவள் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன். அவர் கத்துவார், மறுப்பார், தான் அழுது சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கும் என்று அவள் ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும். அவர் இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டதும், இனிமேல் தடுக்க ஆளில்லை என்பது அவளுக்கு உறைத்துவிட்டது.

அப்பா ‘காப்பு’ கட்டிக்கொண்டார். துணைக்கு அம்மாவும் கட்டிக்கொண்டாள். வீட்டில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் ஒருவேளைச் சாப்பாடும் வந்தன. சாமி கும்பிடாத அப்பாவின் விரதம், கும்பிடுகிறவர்களுடைய விரதத்தைவிடச் சுத்தமாக இருந்தது. விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தார். டாக்டரும் மாரியாத்தாளும் வெந்நீர் விஷயத்தில் ஒரே கட்சி என்று கேலியும் பேசினார். “அப்பா, நீங்க சாமி கும்பிட ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கேட்டேன். “இல்ல பாப்பா. உங்கம்மா ஒரு வாக்குக் குடுத்திருக்கா. அது விழுந்துறக்கூடாதுல்லா” என்றார். தெருவில் சிலர், உணர்ச்சியில்லாத காலுக்குப் பூக்குழி என்ன, பூங்கா என்ன என்று பேசிக்கொண்டதும் எங்கள் காதுக்கு வந்தது.

அந்த நாட்களில் ஒருநாள் மத்தியானம் அம்மா சோறு வடித்துக் கஞ்சிப் பானையைச் சுவரோரம் வைத்தாள். அப்பா காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து தண்ணீர் குடிக்கப்போன நான், அவருடைய இடது பாதம் பானையின் பக்கவாட்டில் ஒட்டி இருப்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ தெரியாது. “அப்பா, காலு” என்றேன். அவர் குனிந்து பார்த்தார்; வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். மெதுவாக எடுத்தபோது தோல் கொப்பளித்துப் பளபளவென்று இருந்தது. அம்மா பானைமூடியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.  

சாயங்காலம் அம்மா உப்பு வாங்குவதற்காக என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். ஜைனப் அத்தை உப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். பங்குனி வெயிலில் அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“எனக்கு என்ன செய்யன்னே தெரியல மதினி” என்றாள் அம்மா. “எறக்கினா காலு போயிரும். எறக்கலைன்னா ஆத்தா சும்மா விடமாட்டா. ஒரு கால்ல பாதியோட விட்டவ மிச்சத்தையும் கேப்பா.”

அத்தை தராசை இறக்கி வைத்தார்.

“நேந்தது யாரு?”

“நான்தான்.”

“காலு?”

“அவியளுது.”

“உங்க ஆத்தாளைப் பத்தி எனக்குத் தெரியாது மதினி. எங்கள்ல நேந்தவதான் தீக்கணும். உங்க வீட்டு அண்ணன் வரணும்னு நான் நோன்பு நேந்தேன், இந்தா வச்சுக்கிட்டு இருக்கேன். எம்பசி எங்கிட்ட இருக்கு, அதைக் குடுத்தேன். அடுத்தவுக பசிய நேர எனக்கு என்ன பாத்தியதை இருக்கு?”

அந்தத் தொலைபேசி வந்த அன்று அத்தையின் உதடு அசைந்தது எதற்கு என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. சுருக்கென்று கோபம்தான் வந்தது. “உங்க வழி வேற, எங்க வழி வேற மதினி” என்று சொல்லிவிட்டு, நிறுத்து வைத்த உப்பை எடுக்காமலே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் உப்பில்லாத குழம்பு. விரதக்காரர்கள் வீடு என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பூக்குழி அன்று காலையில் பாய் மாமா அத்தை கொடுத்தனுப்பிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே தீப்புண்ணுக்குப் போடும் மருந்துக் குழாய். வேறு சேதி எதுவும் இல்லை. அம்மா அதைப் பையில் போட்டுக்கொண்டாள். பெத்தம்மாவும் செம்பில் தண்ணீரோடு எங்களுடன் வந்தார். பெருமாள் தவிர வேறு கோயிலுக்குக் கிளம்பி நான் அவரைப் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்றைக்குத் தெருவெல்லாம் மஞ்சளாக இருந்தது. பூக்குழிப் பக்கம் நெருங்கும்போதே முகத்தில் அனல் அடித்தது. காப்புக் கட்டியவர்கள் வரிசையில் நின்றார்கள், மேளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. அப்பாவின் பூட்ஸுகளைக் கயிற்றுக்கு வெளியே நின்ற நான் வாங்கி வைத்துக்கொண்டேன். விரல் போன பிறகு வெறுங்காலோடு அவர் தரையில் நின்று நான் பார்த்தது அன்றுதான். உடம்பை நேராக நிறுத்த முடியாமல் முன்னும் பின்னும் சாய்ந்தார். கஞ்சிப்பானை சுட்ட இடம் இன்னும் ஆறவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் விரதக்காரர்கள் முன்னால் அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

வரிசை நகர்ந்தது. அவருக்கு முன்னால் ஒருவரோ இருவரோதான் இருந்திருப்பார்கள். பின்னால் நின்ற அம்மா வரிசையை விட்டு விலகி, கயிற்றருகே வந்து, என் கையிலிருந்த பூட்ஸுகளை வாங்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, அப்பாவின் இடது காலைத் தூக்கித் தன் மஞ்சள் சேலை மடியில் வைத்து, பஞ்சைச் சரிசெய்து பூட்ஸை மாட்டினாள். சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். காப்புக் கட்டிய கை, பூக்குழியின் வாசல், அங்கே தோல் செருப்பு. “விரதக்காரி செருப்பைத் தொடுதா பாரு” என்று ஒரு குரல் கேட்டது. வரிசையை ஒழுங்கு செய்தவர் ஓடி வந்து, “என்னம்மா இது, அறிவிருக்கா” என்றார். அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவளுக்கு பூட்ஸ் கயிறு கட்டத் தெரியாது. கம்பெனியில் சுருளுக்குப் போடும் முடிச்சையே இரண்டு காலுக்கும் போட்டாள். எழுந்து நின்று, “நேந்தது நான். நான் எறங்குதேன். நீங்க எப்பவும்போல செருப்பைப் பாத்துக்கிடுங்க” என்றாள்.

அப்பா “ஏட்டி” என்றார். 

பெத்தம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் கையில் செம்புத் தண்ணீரை ஊற்றினார். “கை கழுவியாச்சு. அவளை விடுங்கய்யா, பொம்பளை போகட்டும்” என்றார். அவருடைய குரலில் எப்போதும் ஒரு வீட்டுக்கார அதிகாரம் உண்டு. வரிசைக்காரர் வழிவிட்டார்.

அம்மா ஓடவில்லை. கம்பெனிக்கு நடக்கிற நடையிலேயே நடந்தாள். அப்பா கயிற்றுக்கு வெளியே அவளுக்குச் சரிசமமாக நொண்டி நொண்டி ஓடினார், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். மறுமுனையில் பால் ஊற்றியிருந்த குழியில் கால் வைத்து அவள் வெளியே வந்தபோது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம்புட்டுச் சூடு?”

“இருக்கு” என்றாள் அம்மா. “உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்குத்தான் பயந்தேன்.”

அவள் காலில் அங்கங்கே கொப்பளித்திருந்தது. ராத்திரி வீட்டில் அப்பா அத்தையின் மருந்தைத் தடவி, அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த வெட்டுத் துணியை எடுத்துப் பட்டாளத்துக் கட்டுப் போட்டுவிட்டார். இவ்வளவு இறுக்கமாகவா கட்டுவார்கள் என்று அவள் கேட்டாள், சுற்றத் தெரிந்தவளுக்குக் கட்டத் தெரியவில்லை என்று அவர் சொன்னார். மறுநாள் அந்தக் கட்டோடு மெதுவாக நடந்து கடைக்குப் போய், போன தடவை விட்டுவந்த உப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். 

ஆத்தா அதை ஏற்றுக்கொண்டாளா என்று வன்னியம்பட்டி மாமா வெகுகாலம் சந்தேகப்பட்டார். ஆள் மாறி இறங்கியது செல்லாது, இதோடு போகாது என்றார். அப்பாவைப் பட்டாளத்தில் லேசான வேலைக்கு மாற்றினார்கள். பிறகு ஓய்வு பெற்று வந்து ஒரு மில்லில் காவலுக்கு இருந்தார். மிச்சமிருந்த கால் கடைசிவரை மிச்சமிருந்தது. நெஞ்சுவலி வந்து அவர் இறந்தபோது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்திருந்தது.

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. அது எந்தக் கோயிலில் இருந்து வந்தது என்று யோசித்தால், ஒரு பலசரக்குக் கடையில் தொலைபேசியைச் சுற்றி நின்ற மூன்று பெண்களும், ஒன்றையும் கும்பிடாமல் விரதம் இருந்த ஒரு மனிதரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். என் மகன் காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் முடியை நேர்ந்துகொள்ள வாய் வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. ஜைனப் அத்தையின் தராசுதான் கண்ணில் நின்றது. என்னிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்து, என் காப்பியை நேர்ந்துகொண்டேன். அந்த வருஷம் முழுக்க நான் காப்பி குடிக்கவில்லை. அதில் உண்மையான கஷ்டம் தனக்குத்தான் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பின்கட்டு வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. பெத்தம்மா காலமாகிவிட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள், பி.பி. நம்பர் என்றால் என்னவென்று என் மகனுக்கு விளக்கவே நேரம் பிடித்தது. ஜைனப் அத்தை மகனோடு திருச்சியில் இருக்கிறார், அம்மாவும் அவரும் வாரம் தவறாமல் போனில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சில் பாதி முழங்கால் வலியைப் பற்றியது. அம்மாவின் கையில் இப்போது வெளுப்புமருந்து மணப்பதில்லை, தைலம்தான் மணக்கிறது.

பங்குனியில் நானும் அம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். அன்றைக்குப் பிறகு அவள் பூ இறங்கியதில்லை, நான் இறங்கியதே இல்லை. கயிற்றுக்கு வெளியே நிழல் பார்த்து உட்கார்ந்து, அப்பா செய்த வேலையைச் செய்கிறோம். இப்போதெல்லாம் செருப்பைவிடப் போனைத்தான் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போன வருஷம் கல்லூரியில் படிக்கிற வயதில் ஒரு பெண், மஞ்சள் சேலையும் காப்புமாக வந்து, “செத்த நேரம் இதை வச்சிருங்கக்கா” என்று என்னிடம் போனை நீட்டினாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“யாருக்கு நேந்தது?”

“எங்க அண்ணனுக்குப் பாட்டி. பைக்ல விழுந்துட்டான்.”

“நேந்தது யாரு?”

“நான்தான்.”

அம்மா கையை விட்டாள்.

“அப்பச் சரி. போயிட்டு வா.”